கேபிள் வந்த தீவுக்கு ஆசிரியரும் வரவேண்டும்

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடி கண்ணாடி இழை கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரைத் தவிர அந்தக் கேபிள் எட்டிய ஏழு இடங்களுள் மத்திய அந்தமானின் லாங் ஐலண்டும் ஒன்று. அனைவருக்குமான தொலைத்தொடர்புச் சேவைக்கென ஒதுக்கப்பட்ட நிதியில், பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல் இத்திட்டத்தை நிறைவேற்றியது. இலாபக் கணக்கை மட்டும் பார்க்கும் எந்த நிறுவனமும் இவ்வளவு சிறிய தீவுக்குக் கடலடியில் கேபிள் இழுத்திருக்காது.

ஆனால் லாங் ஐலண்டில் பள்ளிப் படிப்பை முடித்துக் கணினி அறிவியலில் பட்டம் பெற விரும்பும் மாணவருக்கு இந்தக் கேபிள் மட்டும் போதுமா? தீவில் பட்டக் கல்லூரி கிடையாது. படகில் எராட்டா துறைக்கு வந்து, ரங்கத்தைக் கடந்து, சாலை வழியே மாயாபந்தர் சென்றால் 1990-இல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி உண்டு. இல்லையேல் போர்ட் பிளேருக்குச் சென்று, 1967-இல் தொடங்கப்பட்ட ஜவஹர்லால் நேரு அரசுக் கல்லூரியையோ பிற கல்வி நிறுவனங்களையோ நாட வேண்டும். இத்தகைய கல்லூரிகளில் என்ன கற்பிக்கப்படுகிறது, யார் கற்பிக்கிறார்கள் என்பதே ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

ஆட்சியாளர்களிடம் இதற்கு எளிய விடை ஒன்று இருக்கிறது: இணையம் வந்துவிட்டது, பாடங்கள் திரையிலேயே வந்து சேரும் என்பது அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் இணையத் தளத்தின் வழியாகப் படிக்கலாம். நாட்டின் சிறந்த பேராசிரியர்களின் விரிவுரைகள் இலவசமாகக் கிடைப்பது நன்மையே. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் கல்லூரியில், இந்த அனுமதி அந்தக் காலியிடங்களை நிரந்தரமாக்கும் கருவியாகிவிடும். நூலகம் இருக்கிறது என்பதற்காக எவரும் வகுப்பறையை மூடுவதில்லை.

கணினி அறிவியலில் இது இன்னும் கூர்மையான சிக்கல். மாணவர் எழுதிய நிரல் ஓடவில்லை. திரையில் ஆங்கிலத்தில் பிழைச்செய்தி தெரிகிறது. அருகில் நிற்கும் ஆசிரியர், "மூன்றாவது சுற்றில் இந்த மாறியின் மதிப்பு என்னவாக இருக்கும், தாளில் எழுதிப் பாருங்கள்" என்கிறார். மாணவர் எழுதும்போதே தவறு புலப்பட்டுவிடுகிறது. முன்கூட்டியே பதிவு செய்த காணொளியால் அந்த ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. வீட்டில் கணினி உள்ளவரும், கேட்டுத் தெளிய ஆளுள்ளவரும் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவரோ தமக்கு இந்தப் படிப்பு வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்.

சிறிய கல்லூரிக்கென்றே ஒரு வலிமையும் உண்டு. இருபது முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரின் நிரலையும் ஆசிரியரால் படித்துப் பார்க்க முடியும். ஊரில் உள்ளதைக் கொண்டே பாடம் நடத்த முடியும். லாங் ஐலண்ட் கேபிளையே எடுத்துக்கொள்ளலாம். புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. செய்தி அங்கே ஏறி இறங்கக் கால் நொடி அளவு ஆகும். கண்ணாடி இழையிலோ ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1,000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லி நொடி போதும். 2020-க்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகளின் இணையம் ஏன் தடுமாறியது என்பதை மாணவர்களே கணக்கிட்டு அறிவார்கள். கணினி வலையமைப்புப் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறு எது?

இப்படிக் கற்பிக்க ஆசிரியருக்கு நேரமும் பணிப் பாதுகாப்பும் வேண்டும். சிறிய கல்லூரிகளில் ஓரிருவரே நிரலாக்கம், தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம் அனைத்தையும் சுமக்கிறார்கள். எஞ்சியது தற்காலிக விரிவுரையாளர்களின் தலையில் விழுகிறது. அவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019-இல் வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்கள் அந்தத் தொகைக்காகவும் பணி நிரந்தரத்துக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அடுத்த பருவத்தில் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், மாறிவரும் துறையைத் தொடர்ந்து கற்றுக் கற்பிக்கச் சொல்வது நியாயமாகாது.

மாற்று வழி சாத்தியம் என்பதற்குக் கேரளம் சான்று. 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பள்ளிகளுக்குக் கணினி வழங்கியதோடு நிற்காமல், ஆசிரியர்களுக்குப் பெருமளவில் பயிற்சியும் அளித்தது. பின்னர் கட்டற்ற மென்பொருளை ஏற்றதால், உரிமக் கட்டணமாகத் தனியார் நிறுவனங்களுக்குச் செல்ல வேண்டிய பொதுப்பணம் மிஞ்சியது. கருவியும் ஆசிரியரும் சேர்ந்தே வரவேண்டும் என்பதே அதன் பாடம்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. கணினி அறிவியல் துறைகளின் காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். இணையப் பாடங்கள் துணைப்பாடங்களாக மட்டுமே இருக்க வேண்டும். வீட்டில் கணினி இல்லாதோருக்காக ஆய்வகங்கள் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். சந்தையில் இன்று விலைபோகும் மென்பொருளை இயக்கப் பழக்குவதோடு நில்லாமல், எந்த மென்பொருளையும் ஆக்கும் அடிப்படைகளைக் கற்பிக்க வேண்டும். விளக்கங்கள் தாய்மொழியிலும் கிடைக்க வேண்டும்; 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

மக்கள் பணத்தில் கடலைக் கடந்து கேபிள் வந்திருக்கிறது. அதில் வருவதைப் பார்க்கும் நுகர்வோராக மட்டுமே தீவின் இளைஞர்கள் நின்றுவிடக் கூடாது. அதைக் கட்டவும் பழுதுபார்க்கவும் ஆளவும் அவர்கள் கற்க வேண்டும். மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் கைகோத்து இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு சிறு கல்லூரியிலும் எழுப்பவேண்டிய தருணம் இது.