விருந்தும் மருந்தும்

ஆஸ்பத்திரி, ஓட்டல் ஆகிய இரண்டும் நம் மாவட்டத்து மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்கள். ஒன்று நாம் அஞ்சி நுழையும் இடம். மற்றொன்று பசியாற நுழையும் இடம். ஆயினும் இரண்டும் ஒரு தாய் மக்களே. இலத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்ற சொல் விருந்தினரையும் குறித்தது. விருந்து ஓம்புபவரையும் குறித்தது. அதன் வழியே பிரெஞ்சு மொழியில் மருத்துவமனையைக் குறிக்கும் 'ஒப்பித்தால்' என்ற சொல்லும், தங்கும் விடுதியைக் குறிக்கும் 'ஓத்தெல்' என்ற சொல்லும் பிறந்தன. இச்சொற்களில் ஓகரத்தின் மேல் கூரைபோல் இடப்படும் குறி, மறைந்துபோன ஸகர ஒலியின் அடையாளமாகும். பாரிசு நகரின் பழம்பெரும் மருத்துவமனைக்கு 'இறைவனின் இல்லம்' என்னும் பொருள்படவே பெயரிட்டனர். வழிப்போக்கரும் ஏழைகளும் நோயாளிகளும் அக்காலத்தில் அங்கு ஒரே கூரையின்கீழ் தங்கினர்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைக் குறிப்பிடுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர் ஆகியோருடன் நோயாளிகளைப் பேணும் பெண்களுக்கும் அதில் ஊதியம் வகுக்கப்பட்டுள்ளது. நம் தகடூரை ஆண்ட அதியமானோ, தன்னை நாடி வந்த ஔவைக்கு ஆயுள் நீட்டிக்கும் நெல்லிக்கனியை ஈந்தான். அது விருந்தா, மருந்தா என்று பிரித்துக் கூற இயலுமோ?

'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நான்காமவரை மருத்துவமனைகள் பெரும்பாலும் இடையூறாகவே கருதுகின்றன. இது தவறு என்பது என் கருத்து. வீடு திரும்பியபின் இன்சுலின் ஊசி போடுபவரும், புண்ணில் சீழ் வைப்பதை முதலில் காண்பவரும் அவரே. ஆதலால், இரவில் தாழ்வாரத்தில் துண்டு விரித்துப் படுக்கும் அவருக்குத் தங்க இடமும், குடிக்க நீரும், மருந்தைப் பற்றிய தெளிவான விளக்கமும் அளிப்பது சலுகை அன்று. சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

விருந்தினருக்கும் கடமை உண்டு. படுக்கையருகே ஒருவர் மட்டும் இருங்கள். நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவுங்கள். புரியாததை இருமுறை கேளுங்கள். நாட்டு மருந்து ஏதும் கொடுத்திருப்பின் மறைக்காமல் கூறுங்கள். அதற்காக நாங்கள் சினங்கொள்ளல் ஆகாது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. நீரிழிவும் சிறுநீரக நோயும் மூன்று நாளில் விடைபெறுவன அல்ல. எனவே, நெடுநாள் வந்துபோகும் உறவினராகவே நீங்களும் நாங்களும் பழகுதல் வேண்டும்.