முடிவுக்கோடு எங்கே?

சென்ற திங்கள் ஒரு மாலைப் பொழுதில் நம் சங்கத்து இளைஞர் அறுவர் நம்மைத் தேடி வந்தனர். கையில் ஒரு தாள். தாளில் ஒரு பாதைப் படம். மாதேசுவரன் மலையிலிருந்து புறப்பட்டு, வளைந்து வளைந்து இறங்கி, பாலாற்றுப் பாலத்தின் முகப்பில் வந்து முடியும் மிதிவண்டிப் பந்தயம் ஒன்றை வரும் பொங்கல் விழாவையொட்டி நடத்த வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். “பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு ஐயா. நம் மண்ணை முதலில் எட்டுகிறவருக்குக் கோப்பை” என்றார் அவர்களுள் மூத்தவர்.

கேட்டவுடன் நமக்கும் உள்ளம் நெகிழ்ந்தது உண்மையே. பாலாறு என்றதும் வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றை நினைத்துவிட வேண்டா. இது மாதேசுவரன் மலையின் அடிவாரத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய எல்லைப் பகுதி. முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997இல் சாமராசநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சென்றது. மைசூரிலும் கொள்ளேகாலத்திலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் மேட்டூர், சேலம் பக்கத்தார் ஊருக்குப் போகும் வழி அது. பேருந்து அந்தப் பாலத்தில் ஏறும்போது, உறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பி, “ஊர் வந்துவிட்டது பார்” என்று காட்டாத தாய்மார் நம்மில் குறைவு.

ஆயினும் அந்தப் படத்தைப் பார்த்தபோது நம் கண் பாலத்தின்மீது நிற்கவில்லை. பாலத்துக்கு முன்னுள்ள இறக்கத்தின்மீது நின்றது. நேயர்களே, இத்திங்கள் இந்தப் பகுதியில் நாம் பேசப் போவது அந்த இறக்கத்தைப் பற்றித்தான். அதற்கு முன், ஐரோப்பாவில் மிதிவண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட வீரர்களின் பந்தயம் எவ்வாறு முடிகிறது என்பதைச் சிறிது கூற வேண்டும்.

நீண்ட சாலைப் பந்தயத்தில் வீரர்கள் பெரும்பாலும் ஒரே கூட்டமாகவே செல்வர். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் ஒட்டிவருபவர்க்கு உழைப்பு மிகவும் குறையும். ஆகவே எவரும் தனித்துப் பிரிந்து நெடுந்தொலைவு ஓட முடிவதில்லை. சமவெளிப் பாதையாயின் நூறு பேருக்கு மேற்பட்ட கூட்டம் கலையாமலே முடிவுக்கோட்டை நெருங்கிவிடும். கடைசிச் சில கிலோமீட்டரில் ஒவ்வோர் அணியும் தன் விரைவோட்ட வீரரை நடுவில் வைத்து, மற்றவர் ஒருவர்பின் ஒருவராக முன்னின்று இழுத்துச் செல்வர். கடைசி இருநூறு மீட்டர் அளவில் இழுப்பவர் விலக, விரைவோட்ட வீரர் எழுந்து நின்று மிதிப்பார். சமதரையிலேயே மணிக்கு 60, 70 கிலோமீட்டர் விரைவு. தோளோடு தோள் உரசும். முன்வண்டியின் பின்சக்கரத்துக்கும் பின்வண்டியின் முன்சக்கரத்துக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். உடலைக் காப்பது தலையில் ஒரு கவசமும் மெல்லிய பனியனும் மட்டுமே. அத்தலைக்கவசமும் 2003இல், பந்தயத்தில் விழுந்து கசாக்ஸ்தான் நாட்டு வீரர் ஆந்திரே கிவிலேவ் இறந்த பின்னரே கட்டாயமாயிற்று.

இனி, போலந்து நாட்டுக் கட்டோவிட்சே நகரத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டு 5ஆம் நாள், போலந்துச் சுற்றுப் பந்தயத்தின் முதற்கட்டம். பெருந்தொற்றினால் பல திங்கள் தடைப்பட்டிருந்த பந்தயங்கள் மீண்டும் தொடங்கிய காலம். முடிவுக்கோட்டை நோக்கிச் செல்லும் சாலை அங்கே அகலமானது, நேரானது, ஆனால் இறக்கமானது. அவ்விறக்கத்தால் வீரர்கள் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் விரைவில் வந்தனர். முன்னணியில் இருவர். இருவரும் நெதர்லாந்து நாட்டவர். ஒருவர் டிலன் குரூனவேகன். மற்றவர் 23 வயதினரான ஃபாபியோ யாக்கப்சன். யாக்கப்சன் வலப்புறம் வேலியோரமாக முந்த முயன்றார். முன்னே சென்ற குரூனவேகன் தாம் பிடித்த நேர்வழியை விட்டு வலப்புறமாகச் சாய்ந்தார். இடைவெளி மூடிற்று. யாக்கப்சன் வேலியின்மேல் தூக்கியெறியப்பட்டார். வேலிப் பலகைகள் சிதறிப் பறந்தன. முடிவுக்கோட்டருகே நின்ற பணியாளர் ஒருவரும் மோதுண்டு காயமுற்றார். பின்வந்த பலரும் விழுந்தனர். முதலில் கோட்டைக் கடந்த குரூனவேகனும் விழுந்து தோள் எலும்பு முறிந்தார்.

யாக்கப்சனுக்கு மணிக்கணக்கில் அறுவை நடந்தது. மருத்துவர்கள் மருந்தினால் அவரை நினைவற்ற உறக்கத்தில் வைத்திருந்தனர். முகத்தில் 130 தையல். பற்களுள் எஞ்சியது ஒன்றே ஒன்று. பின்னர் இடுப்பு எலும்பிலிருந்து எடுத்துத் தாடையைக் கட்ட வேண்டியதாயிற்று. குரூனவேகனை நடுவர்கள் தகுதி நீக்கம் செய்து, அன்றைய வெற்றியை மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்த யாக்கப்சனுக்கே அளித்தனர். குரூனவேகனுக்கு ஒன்பது திங்கள் தடை. அது மட்டுமன்று, அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் கொலை மிரட்டல்கள் வந்து, வீட்டுக்குக் காவலர் துணை தேவைப்பட்டது. விளையாட்டை விரும்புகிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள் செய்த காரியம் இது!

குற்றம் செய்தவர் தண்டனை பெற்றார். அதில் நமக்கு மாறுபாடில்லை. விரைவோட்டத்தில் பிடித்த வழியை விட்டு விலகி மற்றவர்க்கு இடையூறு செய்யலாகாது என்பது அங்கே எழுதப்பட்ட விதி. குரூனவேகனும் தம் பிழையை ஒப்புக்கொண்டார். ஆனால் நாம் கேட்பது வேறு. அந்தக் கோட்டை இறக்கத்தின் அடியில் வரைந்தவர் யார்? அங்கே பல ஆண்டுகளாக அவ்வாறே பந்தயம் முடிந்து வந்தது. வீரர்கள் அஞ்சிக் குறைகூறியும் வந்தனர். மோதியவுடன் பிரிந்து பறக்கும் வேலியை நட்டவர் யார்? சாய்ந்த மனிதனுக்கு ஒன்பது திங்கள், சாய்ந்த சாலைக்கு? சமதரையில் நடந்திருந்தால் அதே சாய்வு ஒரு கை முறிவோடு போயிருக்கக்கூடும். விரைவு இருமடங்கானால் மோதலின் வலிமை நான்மடங்காகும் என்பது பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடம்.

முடிவுக்கோட்டை அமைப்பவர்களின் கவனக்குறைவு புதிதன்று. 1991இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தின் கடைசி நாள், பாரிசு நகரின் ஷான்ஸ் எலிசே சாலையில், உஸ்பெக் நாட்டு வீரர் அப்துஜாபரோவ் தலைகுனிந்து மிதித்து வந்தவர் சாலையோரத் தடுப்பில் மோதி அந்தரத்தில் சுழன்று விழுந்தார். விரைவோட்டப் புள்ளிகளுக்கான பச்சை மேலாடை அவருடையதாக வேண்டுமானால் அவர் கோட்டைக் கடந்தாக வேண்டும். எலும்பு முறிந்த நிலையில் எழுப்பி நிறுத்தப்பட்டு, தள்ளாடிக் கடந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1994 சூலை 3இல், ஆர்மாந்தியேர் என்னும் ஊரில் நிகழ்ந்ததோ நம்புதற்கரியது. கூட்டத்தைக் காக்க நிறுத்தப்பட்ட காவலர் ஒருவர் ஒளிப்படம் எடுக்கச் சாலைக்குள் எட்டி நின்றார். தலைகுனிந்து வந்த பெல்ஜிய வீரர் நெலிசன் அவர்மீது மோத, பிரெஞ்சு வீரர் ஜலபேரும் விழுந்து முகம் உடைந்தார். ஜலபேர் தேறி எழுந்து, மலையேறவும் நீண்ட பந்தயம் வெல்லவும் வல்லவராகத் தம்மை மாற்றிக்கொண்டு, அடுத்த ஆண்டே ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தை வென்றார் என்பது வேறு கதை. காவலர் கையில் படப்பெட்டி! நம் ஊர்த் திருவிழாவில் தேரை விட்டுவிட்டுத் தேர் பார்க்க வந்தவர்களைப் படம் எடுக்கும் தொண்டர்களை நினைத்துக்கொண்டோம்.

யார் குற்றவாளி என்று உடனே துணிந்துவிடுவதும் எளிதன்று. 2017 சூலை 4இல் வித்தெல் நகரில் கேவண்டிஷ் வேலியில் மோதி விழுந்தார். முழங்கையால் இடித்தார் என்று சகான் அன்றே பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அவ்வாண்டு திசம்பரில் அனைத்துலக மிதிவண்டி ஒன்றியமே, அது எதிர்பாராத நிகழ்ச்சி என்று கூறி வழக்கை முடித்துக்கொண்டது. படம் காட்டிய முழங்கை வேறு, நடந்தது வேறு.

கட்டோவிட்சேக்குப் பின் மெல்ல மெல்லச் சில மாற்றங்கள் வந்தன. கால் நீண்டிராத, அடிப்புறம் சரிந்த, ஒன்றோடொன்று பூட்டிய வேலிகள் பெரிய பந்தயங்களில் இடம்பெறலாயின. கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தவர், தாம் சென்ற கூட்டத்தின் நேரத்தையே பெறுவார் என்பது பழைய விதி. அதனை வேண்டுமிடத்து 5 கிலோமீட்டராக விரிக்கவும் இசைந்தனர். ஒட்டுமொத்த நேரத்தில் முன்னிற்கும் மலைவீரர்கள், தமக்கு வேண்டாத விரைவோட்ட நெரிசலில் புகாமல் பின்தங்கி வரலாம் என்பதே இதன் பயன். 2024 ஆகஸ்டில் மஞ்சள் அட்டை முறையைச் சோதித்து, 2025 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். கால்பந்தாட்டம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. ஒரே பந்தயத்தில் இரண்டு பெற்றால் வெளியேற வேண்டியதுதான். தம் அணியின் வீரர் வெல்வதைக் கண்டு, இழுத்து முடித்தவர் நடுச்சாலையில் வேகம் குறைத்துக் கைதூக்கி மகிழ்வதும் அட்டைக்குரிய குற்றம். மகிழ்ச்சிக்கும் அட்டையா என்று சிலர் நகைத்தனர். பின்னால் நூறு பேர் வந்துகொண்டிருப்பதை எண்ணினால் நகைப்பு அடங்கும்.

யாக்கப்சன் மீண்டார். 2021 ஏப்ரலில் துருக்கிப் பந்தயத்தில் திரும்பவும் வண்டி ஏறி, அவ்வாண்டே ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் மூன்று கட்டங்களை வென்றார். 2022 சூலை 2இல், பிரான்சுச் சுற்றுப் பந்தயம் டென்மார்க்கில் தொடங்கியபோது, நூபோர் நகரில் அவர் முதலாவதாக வந்தார். மறுநாள், சூலை 3இல், அடுத்த ஊரில் முதலாவதாக வந்தவர் குரூனவேகன். இருவருக்கும் இடையே இருந்த கசப்பு எளிதில் தீர்ந்ததன்று. எனினும் அவ்விரு நாள்களையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள், இருவருமே ஒரே விபத்திலிருந்து எழுந்து வந்ததாக எண்ணியிருப்பர்.

நம் நாட்டிலும் இத்தகைய முடிவைக் கண்டதுண்டு. 2010 அக்டோபரில் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியின் சாலைப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிஸ் விரைவோட்டத்தில் வென்றார். தலைநகரின் அகன்ற சமதரைச் சாலை அது. போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடத்தியது. பாலாற்றுச் சாலை அவ்வாறானதன்று.

இவையனைத்தையும் அன்று மாலை இளைஞர்களிடம் கூறினோம். அவர்கள் பொறுமையாகக் கேட்டனர், ஆனால் மசியவில்லை. “நம் வண்டி 80 கிலோமீட்டர் எங்கே ஐயா ஓடப் போகிறது?” என்றார் ஒருவர். ஓடாது, ஆனால் மலையிறக்கத்தில் மிதிக்காமலே 50 ஓடும். கொண்டை ஊசி வளைவுகள் முழுவதும் பிடித்துப் பிடித்து வந்த தடை, அடிவாரத்தை எட்டும்போது சூடேறித் தேய்ந்திருக்கும். கையும் சோர்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் கோடு கண்ணுக்குத் தெரியும். கோட்டைக் கண்டவன் தடையைப் பிடிப்பானா? கோட்டைக் கடந்தபின் நிற்க வேண்டுமே, அதற்கு இடம் எங்கே? பாலத்தின் கைப்பிடிச்சுவர், எதிரே வரும் மணல் லாரி, ஓரத்தில் சரளைக்கல். காடாதலின் யானையும் மானும் குறுக்கிடும் வழி அது. போட்டியாளர் எத்தனை பேர் என்று கேட்டோம். நாற்பது என்றனர். அவருள் பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒன்பதின்மர்.

“அப்படியானால் கூடாது என்கிறீர்களா?” என்று மூத்தவர் கேட்டார். முகம் வாடிவிட்டது. கூடாது என்று நாம் சொல்லவில்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பினோம். பாலத்தில் புறப்பட்டு மலையேறட்டும். கோடு மேலே இருக்கட்டும். ஏற்றத்தில் கூட்டம் தானே பிரிந்துவிடும். முடிவில் இருவர் மூவர்தாம் போட்டியிடுவர். அவர்களும் ஓடுகிறவனைவிடச் சற்று விரைவாகத்தான் வருவர். விழுந்தால் முழங்கால் தோலோடு போகும். “ஊரை விட்டுப் போகிற பந்தயம் ஆகிவிடுமே ஐயா!” என்றார் இளையவர். நாம் என்ன சொல்வது? நம் வீடுகளின் கதையும் அப்படித்தானே தொடங்கிற்று என்றோம். அனைவரும் சிரித்தனர்; அவர் மட்டும் சிரிக்கவில்லை.

இறக்கத்தை முழுவதும் விட்டுவிட அவர்களுக்கு இன்னும் மனமில்லை. இறங்கும் பகுதியில் நேரம் கணக்கிடாமல், முன்வண்டி ஒன்றின் பின்னால் அனைவரும் மெல்ல இறங்கி வந்து, பாலத்தில் பெற்றோர் காத்திருக்க, பொங்கல் உண்டு, பின்பு ஏற்றத்தில் மட்டும் போட்டியிடலாம் என்று ஒருவர் கூறியது நமக்கு நன்றாகவே பட்டது. செயற்குழுவில் இதனை வைக்க இருக்கிறோம். காவல்துறைக்கும் வனத்துறைக்கும் விண்ணப்பம் எழுத வேண்டும். அவர்கள் இசையாவிட்டால் வேறு சாலை தேட வேண்டியதுதான். பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர், தலைக்கவசம் தலைக்குப் பொருந்துகிறதா, வண்டியின் இரு தடைகளும் பிடிக்கின்றனவா என்று இப்பொழுதே பார்த்து வைத்தல் நலம். வரும் ஞாயிறு காலை அறுவரும் நாமும் பேருந்தில் சென்று பாதையை அளந்து வர இருக்கிறோம். உடன் வர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அளவு நாடாவை நாமே கொண்டுவருகிறோம்.