யாரை விட்டுச் செல்கிறோம்?



ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே, விடுமுறையில் பிள்ளைகளோடு எங்கே செல்வது என்னும் பேச்சு நம் இல்லங்களில் எழுந்துவிடுகின்றது. முன்னர் வேளாங்கண்ணியோடும் பூண்டியோடும் நின்ற அப்பேச்சு, இப்போது சில இல்லங்களில் இத்தாலி நாடு வரை நீள்கின்றது. நல்லதே. ஆயினும் இதில் நாமே தவறிய ஓர் இடத்தை இம்மாதம் சொல்ல விரும்புகின்றோம்.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர் தம் பயணத் திட்டத்தை நம்மிடம் காட்டினார். ஒன்பது நாட்கள், உரோமை, நேப்பிள்ஸ், பைசா, புளோரன்ஸ், வெனிஸ், மிலான் என ஆறு நகரங்கள். கணவர், மனைவி, பிள்ளைகள் இருவர், ஆக நால்வர். நாமும் பார்த்து மகிழ்ந்து, ஆசி கூறி அனுப்பினோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் அவருடைய தாயார் கைத்தடியோடு வந்தார். நாற்பது ஆண்டுகளாகப் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் இருப்பவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்தார். "மகன் இத்தாலிக்குப் போகிறான், சாமி. அசிசியில் எனக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவனுக்குச் சுமையாகிவிடும்" என்றார்.

அத்திட்டத்தில் அசிசி இல்லை. அவரும் இல்லை. இரண்டையும் நாம் கவனிக்கவில்லை.

எருசலேம் திருவிழாவிலிருந்து திரும்புகையில், மரியாவும் சூசையும் ஒரு நாள் வழி நடந்த பின்னரே சிறுவன் இயேசு கூட்டத்தில் இல்லை என்று கண்டார்கள் அல்லவா? திருக்குடும்பத்துக்கே அது நேர்ந்தது. ஆனால் கண்டதும் அவர்கள் திரும்பி நடந்தார்கள்.

நாமும் மகனை அழைத்துப் பேசினோம். "அம்மாவுக்கு மூட்டுவலி, அவ்வளவு நடக்க இயலாதே, சாமி" என்றார். உண்மைதான். ஒன்பது நாளில் ஆறு நகரங்களென்றால் இயலாது. ஆனால் மாற்ற வேண்டியது தாயையா, திட்டத்தையா? தாளைத் திருப்பிப் போட்டு, நடை தளர்ந்தவரிலிருந்து தொடங்கி மீண்டும் எழுதினோம். வேறு குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதால் அதனை இங்கே தருகின்றோம்.

முதல் நான்கு நாட்கள் உரோமையில். அவற்றுள் ஒரு நாள், ஒன்றரை மணி நேரத்துக்குள் இரயிலில் சென்றடையும் ஓர்வியேத்தோ நகருக்கு. பாறைமேட்டின் உச்சியிலுள்ள அவ்வூருக்கு, இரயில் நிலையத்தின் எதிரிலிருந்தே பழனியில் இருப்பதைப் போன்ற இழுவை இரயில் ஏறுகின்றது. திருத்தந்தை நான்காம் உர்பான் 1264-இல் நற்கருணைப் பெருவிழாவை அகிலத் திருச்சபைக்கும் ஏற்படுத்தியது அங்கிருந்துதான். பொல்சேனாவில் 1263-இல் நிகழ்ந்ததாக மரபு கூறும் நற்கருணை அற்புதத்தின் துகில் அவ்வூர்ப் பேராலயத்தில் காக்கப்படுகின்றது.

எஞ்சிய ஐந்து நாட்களும் அசிசியை ஒட்டிய உம்பிரியா நாட்டுப்புறத்தில், ஒரே இடத்தில் தங்குவதற்கு. அங்கே உழவர்கள் தங்கள் பண்ணையிலேயே விருந்தினருக்கு இடமளிக்கிறார்கள். இதனை 'அக்ரிதூரிஸ்மோ' என்பர். உழவே முதன்மைத் தொழிலாக நிற்க வேண்டும் என்னும் விதியோடு 1985-இல் இதற்குத் தனிச் சட்டம் பிறந்தது. சமையலறையுள்ள வீடாகக் கேட்டுப் பெற்றால், பாட்டிக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் ஒரு வேளையேனும் சோறு கிடைக்கும். நம் பள்ளி விடுமுறையான மே மாதத்தில் அங்கே வெயில் இதமாயிருக்கும். கோதுமை வயல்களுக்கிடையே செந்நிறக் கசகசாப் பூக்கள் மலர்ந்திருக்கும்.

பண்ணைக்குச் சென்றுவர வாடகைக் கார் வேண்டும். அதற்குப் பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை இங்கேயே பெற்றுச் செல்க. பழைய நகரங்கள் பலவற்றின் உட்பகுதியில் வெளியார் கார் நுழையத் தடையுண்டு. காமிரா படம் பிடிக்க, அபராதம் பின்னால் வரும். கார் வேண்டாதவர்கள் இரயில் நிலையத்துக்கு அருகில் துறவியர் நடத்தும் விருந்தினர் இல்லங்களில் தங்கலாம். நண்பகலில் பல கோயில்களைப் பூட்டிவிடுவார்கள். அதனைக் குறையாக எண்ணாமல் முதியோரின் ஓய்வு நேரமாகக் கொள்க.

அசிசி நகரம் மலைச்சரிவில் உள்ளது. ஆனால் புனித பிரான்சிஸ் 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை உயிர்நீத்த இடமோ கீழே சமவெளியில், இரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கின்றது. வானதூதர்களின் அன்னை பேராலயத்துக்குள், அவர் தம் கைகளால் பழுது பார்த்த போர்சியுங்குலா என்னும் சிற்றாலயம் அப்படியே நிற்கின்றது. மூட்டுவலி உள்ளவரும் அங்கே செல்லலாம். பிள்ளைகள் மேலே ஏறி, 1997 நிலநடுக்கத்தில் கூரை இடிந்து நால்வர் மாண்ட பெருங்கோயில், சிதறிய ஓவியத் துண்டுகள் மீண்டும் பொருத்தப்பெற்று 1999-இல் திறக்கப்பட்ட வரலாற்றை அறியட்டும். பதினைந்து வயதில் இறந்து 2025-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்கூத்திசின் கல்லறையும் அவ்வூரில்தான் உள்ளது.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் கட்டாயம். முதியோரின் பழைய நோய்களையும் அக்காப்பீடு ஏற்குமா என்று கேட்டறிந்தே பணம் கட்டுக.

வெனிஸ் விடுபட்டதில் மூத்த மகளுக்கு வருத்தமே. அவளுக்கு அதை மறைக்காமல் சொல்லி, இன்னொரு காலம் வரும் என்று தந்தை தேற்றியிருக்கிறார். ஐந்தாவது கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் போயிற்று.

அந்த ஐம்பது ரூபாயை நாம் தாயாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மெழுகுதிரியை அவரே ஏற்றட்டும்.

உங்கள் இல்லத்திலும் பயணத் திட்டம் மேசைமேல் இருக்கலாம். ஊர்களின் பெயர்களை எண்ணுமுன், செல்வோரின் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இறைவன் உங்கள் வழித்துணையாய் வருவாராக.