எலும்பில் சீழ் என்றால் காலை எடுப்பதா?

பாத எலும்பில் நாட்பட்ட சீழ் பிடித்தால் காலை எடுப்பதே வழி என்ற வாதம் தவறு. சிவகிரி வயல்களில் வெறுங்காலோடு இறங்கும் சர்க்கரை நோயாளிக்கு நரம்பு மரத்திருந்தால் முள் குத்துவதும் உறைக்காது. புண் மாதக்கணக்கில் ஆறாது. கிருமி நீக்கிய மழுங்கிய கம்பியை அதற்குள் விடும்போது எலும்பு கல்லாகத் தட்டுப்பட்டால் சந்தேகம் வலுக்கும்.

முதல் 2, 3 வாரம் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். மறுபடி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். புண்ணின் மேல் துடைத்தெடுத்த சீழை நம்ப முடியாது. எலும்புத் துணுக்கைப் பரிசோதித்தால்தான் எந்தக் கிருமி என்பது உறுதியாகும். அதை அறிவது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 1842-ல் மருத்துவர் ஜான் கில் விவரித்த, பாதத்தை அரிக்கும் 'மதுரைக் கால்' நோய் பூஞ்சையாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு.

சர்க்கரைப் புண்ணில் எலும்பை அகற்றாவிட்டால் சுமார் 6 வாரம் ஆன்டிபயாடிக் தேவை. பலருக்கு மாத்திரையே ஊசிக்கு ஈடாகும் என்று 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. செத்த எலும்பை மட்டும் அகற்றலாம். ரத்த ஓட்டத்தைச் சீராக்கி, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, புண்ணில் பாரம் விழாமல் காக்க வேண்டும்.

கிருமி ரத்தத்தில் பரவி உயிருக்கு ஆபத்து வந்தால், அல்லது பாதம் மீளாதபடி அழுகினால் காலை எடுப்பது நியாயம். கிருமியை அறியாமல், ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் எடுப்பது சிகிச்சை ஆகாது.