வண்ணப் படத்தை நம்பும் முன் ஒரு கேள்வி

உங்கள் கல்லீரல் உயிரணுவிலும் இதய உயிரணுவிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்தாம். மனிதரிடம் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. ஆனால், அவை எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. ஒரு மரபணுவிலிருந்து எவ்வளவு ஆர்.என்.ஏ. உண்டாகிறது என்பதை அளந்து, அது எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் அறிகிறார்கள். இதுவே மரபணு வெளிப்பாடு.

பத்து மாதிரிகளை அளந்தால் 200,000 எண்கள் கிடைக்கும். அவற்றை யாரால் படித்து ஒப்பிட முடியும்? அதனால் எண்களை வண்ணமாக்கி ‘வெப்ப வரைபடம்’ வரைகிறார்கள். கிடைவரிசை ஒவ்வொன்றும் ஒரு மரபணு. நெடுவரிசை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அளவு கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்று வைத்துக்கொள்வோம். ஒத்திருக்கும் மாதிரிகளைக் கணினி அருகருகே அடுக்கிவிடும். எது எதோடு சேர்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும்.

ஆனால், ஏன் சேர்கிறது என்பதைப் படம் சொல்லாது.

2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, மனிதரின் உறுப்புகளையும் சுண்டெலியின் உறுப்புகளையும் இப்படி ஒப்பிட்டது. மனிதக் கல்லீரல், எலியின் கல்லீரலோடு சேரும் என்றுதானே நினைப்போம்? படத்தில் அது மனிதரின் மற்ற உறுப்புகளோடு சேர்ந்தது. பலருக்கும் வியப்பு.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் யோவாவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராகி-மானும் 2015இல் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்தனர். மாதிரிகள் கருவியில் 5 தொகுதிகளாக அளக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றில் மட்டுமே மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் கலந்திருந்தன. மற்றவற்றில் தனித்தனி. தொகுதி வேறுபாட்டைக் கணக்கிட்டு நீக்கியதும், மாதிரிகள் உறுப்புவாரியாகச் சேரத் தொடங்கின. முதல் ஆய்வுக் குழுவினரோ தங்கள் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை.

“கணினியில் திருத்திக்கொள்ளலாமே” என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவுதான் முடியும். உயிரினமும் தொகுதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், எந்த வேறுபாடு எதனால் வந்தது என்று பிரிப்பது கடினம். தொகுதி வேறுபாட்டை நீக்கும்போது உண்மையான வேறுபாடும் சேர்ந்து போய்விடலாம். அளந்த பிறகு திருத்துவதைவிட, அளக்கும் முன் திட்டமிடுவதே மேல்.

இது பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. உரமிட்ட பச்சைப் பயற்றுச் செடிகளைத் திங்கட்கிழமை நீங்கள் அளக்கிறீர்கள். உரமிடாதவற்றை வெள்ளிக்கிழமை உங்கள் நண்பர் அளக்கிறார். பட்டை வரைபடம் அழகாகவே வரும். ஆனால், அதில் தெரியும் வேறுபாடு உரத்தினாலா, நாளினாலா, அளந்த கையினாலா?

வகுப்பில் நாங்கள் வரைபடம் வரையக் கற்றுத்தருகிறோம். அச்சுக்குப் பெயரிடாவிட்டால் புள்ளியைக் குறைக்கிறோம். “எப்போது, யார், எந்த வரிசையில் அளந்தது?” என்று கேட்பது மிகக் குறைவு. அந்தக் கேள்விக்கும் புள்ளி கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்த செயல்திட்டத்தில் இரு வகை மாதிரிகளையும் கலந்து, ஒரே நாளில், ஒரே முறையில் அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க இயலாவிட்டால், ஒவ்வொரு நாளும் இரண்டு வகையிலும் சிலவற்றை அளந்து, தேதியையும் குறித்து வையுங்கள். வண்ணம் தீட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.