டாலர் கணக்கு டெல்லிக்கு, கழிவுக் கணக்கு நமக்கா?



நம்ம மாவட்டம் ஏற்றுமதி மாவட்டம் ஆகப் போகிறதாம். ஒவ்வொரு மாவட்டமும் ஏற்றுமதி மையமாக வேண்டும் என்று 2019 சுதந்திர தின உரையில் பிரதமர் பேசினார். 2023 மார்ச் 31-ல் வெளியிட்ட அயல்நாட்டு வணிகக் கொள்கையில் அதற்கென்று தனி அத்தியாயமே எழுதிவிட்டார்கள். 2030-க்குள் 2 லட்சம் கோடி டாலர் ஏற்றுமதி என்பது இலக்கு. மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழு, மாவட்ட ஏற்றுமதி செயல் திட்டம் எல்லாம் காகிதத்தில் கச்சிதமாக இருக்கிறது. நாம் கேட்பது ஒரே கேள்விதான். இந்தத் திட்டத்தில் தோப்புக்காரன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான்?

தேடிப் பார்த்தால் கிடைக்காது. ஏன் என்று சொல்கிறோம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சரக்கு கப்பல் ஏறும்போது சுங்க அலுவலகத்தில் ஒரு தாள் போடுகிறார்கள். ஷிப்பிங் பில் என்று அதற்குப் பெயர். ஏற்றுமதிச் சலுகை அந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்குக்குத்தான் போகும். 2021-ல் கொண்டுவந்த ரோடெப் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சரக்கை ஏற்றிவரும் வண்டியின் டீசலுக்குக் கட்டிய வரி, மண்டி வரி, மின்சார வரி இவையெல்லாம் ஏற்றுமதிப் பொருளின் விலையில் ஒளிந்துகொண்டிருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் நியாயம். நல்ல நியாயம். நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பர்கூரிலிருந்தும் போச்சம்பள்ளியிலிருந்தும் பேக்டரி கேட்டு வரைக்கும் டெம்போ வாடகை கொடுத்தது யார்? அந்த டீசல் வரியைச் சுமந்தது யார்? கட்டியவன் ஒருத்தன், திரும்ப வாங்குகிறவன் வேறொருத்தன். இந்த இடத்தில்தான் நாட்டின் ஏற்றுமதிக் கொள்கை நம்மைக் கைவிடுகிறது.

இது புதுக் கதையும் இல்லை. 2001-ல் முரசொலி மாறன் மத்திய வணிக அமைச்சராக இருந்தபோது வேளாண் ஏற்றுமதி மண்டலங்கள் என்று ஒரு திட்டம் வந்தது. நாடு முழுக்க 60 மண்டலம். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, 2004-ல்தான் ஆனது. ஆகவே தருமபுரி மாவட்டத்தின் பேரில் கொய்மலருக்கு ஒரு மண்டலம் கிடைத்தது. மாம்பழத்துக்கான மண்டலம் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போனது. மாங்கூழுக்கான மண்டலம் எல்லை தாண்டி சித்தூருக்குப் போனது. மாங்கூழ் பேக்டரிகள் வரிசையாக நிற்கிற நம்ம ஊருக்கு மாவின் பேரில் ஒன்றும் இல்லை! கடைசியில் எல்லா மண்டலமும் காலம் முடிந்து கைவிடப்பட்டது.

அடுத்து 2018 டிசம்பரில் வேளாண் ஏற்றுமதிக் கொள்கை. சுமார் 3,000 கோடி டாலராக இருந்த ஏற்றுமதியை 2022-க்குள் 6,000 கோடிக்கு மேல் ஆக்குவோம் என்றார்கள். 2021-22-ல் 5,000 கோடி டாலரைத் தொட்டது. இலக்கு எட்டவில்லை என்றாலும் சாதாரண வளர்ச்சி இல்லை, ஒத்துக்கொள்கிறோம். ஏற்றுமதி வாய்ப்பின் பலன் விவசாயிக்குக் கிடைக்கச் செய்வதும் அதே கொள்கையில் எழுதிவைத்த நோக்கம்தான். அந்தப் பலன் எவ்வளவு என்பதை 2025 மா சீசனில் கண்ணால் பார்த்தோமே!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 30,000 எக்டேருக்கு மேல் மாந்தோப்பு இருக்கிறது. அதில் பெங்களூரா என்கிற கிளிமூக்குக் காய் கடையில் வாங்கித் தின்கிற பழம் இல்லை, கூழுக்குப் போகிற காய். சவூதி, ஏமன், நெதர்லாந்து என்று டின்னிலும் டிரம்மிலும் கூழாகப் போகிறது. பேக்டரிக்காரன் வாங்கவில்லை என்றால் வேறு வழி கிடையாது. 2025-ல் காய்ப்பு நன்றாக இருந்தது. முந்தைய வருடக் கூழ் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். செங்கடலில் கப்பல் போக்குவரத்துக் கெட்டது, சரக்குக் கட்டணம் ஏறியது என்றார்கள். இதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அத்தனை கஷ்டமும் சேர்ந்து கடைசியில் யார் தலையில் இறங்கியது? காய் கிலோ 4 ரூபாய், 5 ரூபாய்க்கு விழுந்தது. பறிகூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக என்ன மிஞ்சும்? அதிலும் எடை போட்ட பிறகு கழிவு என்று ஒரு பிடித்தம். பல தோப்புகளில் காயை மரத்திலேயே விட்டுவிட்டார்கள், பறித்தால் கையிலிருந்து போடணும் என்பதால்.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. ஆலை 8, அரசு 4. தன் விவசாயியைக் காப்பாற்ற சித்தூர் மாவட்ட நிர்வாகம் 2025 ஜூன் 7-ல் வெளிமாநில பெங்களூரா காய் உள்ளே வரவே கூடாது என்று தடை போட்டது. நம்ம காய்க்கு இருந்த இன்னொரு வாசலும் சாத்தப்பட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். மத்திய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்று வைத்து இரண்டரை லட்சம் டன்னுக்கு விலை வித்தியாசத் தொகைக்கு கர்நாடகம் அனுமதியும் வாங்கியது. நமது முதலமைச்சரும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எழுதியது சரி. ஆனால் கடிதம் போகிற நேரம் காய் பழுத்து உதிர்கிற நேரம்! ஒரே காய், ஒரே மண், பக்கத்துப் பக்கத்து மாவட்டம். விலை மட்டும் எல்லைக் கல்லைப் பார்த்து மாறுகிறது. ஆந்திராவிலும் 8 ரூபாயை ஆலைகள் முழுசாகத் தரவில்லை என்று விவசாயிகள் தெருவில் நின்றார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். விலையை அறிவித்தால் மட்டும் போதாது, ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

ரோஜாக்காரர்கள் கதை வேறு மாதிரி. அமுதகொண்டப்பள்ளியில் டிட்கோ கூட்டு முயற்சியாக தான்ஃப்ளோரா பூங்கா வந்தபின் பாகலூர், பேரிகை, தளி, கெலமங்கலம் வரை பசுமைக்குடில் பரவியது. மானியம் கொஞ்சம், மீதி பேங்க் கடன். பிப்ரவரி 14-க்கு முன்னால் இரண்டு வாரம் வெளிநாட்டு விலை கிடைத்தால் உண்டு, இல்லையேல் பெங்களூரு மார்க்கெட்டுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பூவை அறுத்துக் குழியில் கொட்டினார்கள், கடன் மட்டும் நிற்காமல் ஓடியது. ஐரோப்பாவில் கென்யா, எத்தியோப்பியா ரோஜாவுக்குச் சுங்கவரி கிடையாது. ரோஜா ரகத்துக்கு உரிமை கொண்டாடும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு ராயல்டி வேறு கட்ட வேண்டும். ஒரு ஏக்கர் குடில்காரன் இதையெல்லாம் தனியாளாக எப்படிச் சமாளிப்பான்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்றுமதி செய், ஏற்றுமதி செய் என்கிற அதே அரசு 2022 மே மாதம் கோதுமைக்கும், 2023 ஜூலையில் வெள்ளை அரிசிக்கும், அந்த டிசம்பரில் வெங்காயத்துக்கும் ஏற்றுமதித் தடை போட்டது. விலை ஏறினால் கதவைச் சாத்துவார்கள். விலை விழுந்தால் கதவு திறந்திருக்கு, போய் வித்துக்கோ என்பார்கள். பிறகு என்ன கொள்கை அது?

ஏற்றுமதி என்றால் நிலமும் கேட்கிறார்கள். 5-வது சிப்காட்டுக்காக உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் பகுதியில் நிலமெடுப்பதை எதிர்த்து 2023-ல் விவசாயிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடியதை இந்த மாவட்டம் அறியும். நாம் தொழிற்சாலைக்கு விரோதி இல்லை. நம் பிள்ளைகள்தான் அந்த கேட்டில் ஷிப்டுக்கு நிற்கிறார்கள். விளைகிற பூமியை எடுத்து வண்டியும் போன் பாகமும் செய்து அனுப்புவதும் ஏற்றுமதி, அதே பூமியில் விளைவதை அனுப்புவதும் ஏற்றுமதி. முதலாவதுக்கு நிலம், தண்ணீர், மின்சாரம், ரோடு எல்லாம் முன்கூட்டியே தயார் செய்கிறார்கள். இரண்டாவதுக்கு விலையைக்கூட முன்கூட்டியே சொல்ல மாட்டார்களா?

விலை நிர்ணயித்தால் பேக்டரி ஓடிப்போகும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கரும்புக்கு மத்திய அரசு ஒவ்வொரு ஆண்டும் விலை அறிவிக்கிறது. சர்க்கரை ஆலைகள் எல்லாம் நாட்டைவிட்டு ஓடிவிட்டதா? 2025 செப்டம்பர் 22 முதல் பழச்சாறு பானங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் சலுகையில் ஒரு பைசா காய் விலையில் ஏற வேண்டாமா?

எனவே சங்கம் வைக்கும் கோரிக்கை இதுதான். ஏப்ரல் முடிவதற்குள் கலெக்டர் தலைமையில் விவசாயிகள், கூழ் ஆலைகள், தோட்டக்கலைத் துறை மூவரும் உட்கார்ந்து பெங்களூரா காய்க்கு அடிவிலை அறிவிக்க வேண்டும். விலை அதற்குக் கீழே விழுந்தால் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தில் வித்தியாசத்தைத் தர, மாநில அரசு சீசனுக்கு முன்பே டெல்லியில் அனுமதி வாங்கி வைக்க வேண்டும். எடை, கழிவு, விலை மூன்றும் எழுதிய ரசீது ஒவ்வொரு லோடுக்கும் கட்டாயம். ஏற்றுமதிச் சலுகை கேட்கும் ஆலை அந்த ரசீதுகளைக் காட்டி, அடிவிலை கொடுத்ததை நிரூபித்த பிறகே சலுகை பெற வேண்டும். மாவட்ட ஏற்றுமதிக் குழுவில் மா விவசாயிக்கும் மலர் விவசாயிக்கும் இடம் வேண்டும். பார்வையாளராக இல்லை, உறுப்பினராக.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் எல்லோரும் கூட வேண்டும். வரும்போது 2025 சீசன் எடைச்சீட்டு, மண்டி ரசீது எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டு வாருங்கள். சீட்டே கொடுக்கவில்லை என்றால் எந்தத் தேதி, எத்தனை டன், என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஊர் வாரியாகக் கட்டி, கலெக்டர் மேஜையில் மனுவோடு சேர்த்து வைக்கப் போகிறோம்.