இடிப்பதற்கு முன் யோசியுங்கள்!

தேவாலயம் என்றதும் உயர்ந்த கோபுரமும் வண்ணக் கண்ணாடியும்தான் நம் நினைவுக்கு வரும். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆலயம் 1680-ல் கட்டியது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று, கனத்த சுவரும் வளைந்த கூரையுமாகக் கட்டினார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு கட்டிய புது எருசலேம் ஆலயம் 1718-ல் திறக்கப்பட்டது. டென்மார்க் மன்னரின் முத்திரை இன்றும் அதன் முகப்பில் இருக்கிறது.

இவற்றைக் காக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வோம். ஆனால் மலைமேல் இருக்கும் சின்னஞ்சிறு ஜெபவீட்டை என்ன செய்கிறோம்? "ஓடு ஒழுகுகிறது. இடித்துவிட்டு கான்கிரீட் போடு!" என்கிறோம். இது சரியல்ல என்பதே என் கருத்து.

வாணலி காத்த வீடு

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையைப் பாருங்கள். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிச் செல்கிறது. 1913-ல் பாதிரியார் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் அங்கே குடியேறியபோது அந்தச் சாலை ஏது? நடக்க வேண்டும், அல்லது டோலியில் போக வேண்டும்.

அவர்கள் வீட்டுக்கு வேண்டிய மரத்தைக் கீழேயே அறுத்துத் தயார் செய்தார்கள். ஆட்கள் அதைத் தலைச்சுமையாக மேலே கொண்டுபோனார்கள். மரவீடு என்றால் கரையான் விடுமா? அதற்கும் ஒரு யுக்தி செய்தார்கள். வீட்டைக் கல் தூண்களின்மேல் நிறுத்தினார்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் கவிழ்த்த வாணலிபோல ஒரு தகடு வைத்தார்கள்.

கரையான் வெளிச்சத்துக்கு வராது. மண்புற்று கட்டி அதற்குள்ளேயே ஏறும். தகடு வழியை மறித்தால், விளிம்பைச் சுற்றி வெளியே வந்தாக வேண்டும். வந்தால் நம் கண்ணில் படும், துடைத்துவிடலாம். மருந்து வேண்டாம், பெரிய செலவும் வேண்டாம். கோட்டை ஆலயம் பீரங்கிக்குப் பதில் சொன்னது. இந்த மலைவீடு கரையானுக்குப் பதில் சொன்னது. இரண்டும் கட்டடக் கலைதானே?

கைகளை நிமிர்த்திய மகன்

ஜெஸ்ஸி பிராண்ட் மலைமக்களுக்குத் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக் கொடுத்தார். 1929-ல் காய்ச்சலுக்குப் பலியானார். ஈவ்லின் அம்மையார் 1974-ல் தமது 95-வது வயதில் காலமானார். அவரைக் கொல்லிமலையில் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

இவர்கள் மகன் பால் பிராண்ட் 9 வயது வரை இந்த மலையில் வளர்ந்தவர். பிறகு லண்டனில் முதலில் படித்தது கட்டட வேலை. அதன் பிறகுதான் மருத்துவம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார்.

என்ன செய்யலாம்?

"சபை பெருகிவிட்டது, இடம் போதவில்லை" என்பது நியாயமான குறைதான். அப்படியானால் பக்கத்திலே புதிதாகக் கட்டுங்கள். பழையது ஞாயிறு பள்ளிக்கோ, வாசகசாலைக்கோ உதவும். பழையதை இடித்தால்தான் புதியது எழும்பும் என்பது இல்லையே!

மழைக்கு முன் ஆண்டுதோறும் உடைந்த ஓட்டை மாற்றுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். சிமெண்ட் பூசினால் சுவரில் ஏறும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும்; பழைய சுவர் உதிரத் தொடங்கும்.

இடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தாலும், கடப்பாரையை எடுக்குமுன் கட்டடத்தை அளந்து படம் எடுங்கள். கல்லை யார் சுமந்தார்கள், மரத்தை யார் இழைத்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பாதிரியார் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. தலைச்சுமை சுமந்தவர் பெயர் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.